நெல் குத்தின் அடியில் வலை விரிக்கும் குள்ளச் சிலந்தி: தேடிப் பிடிக்க, எண்ண, காப்பாற்ற

நடவு முடிந்து இருபத்தைந்து நாள் ஆன வயல். காலை ஆறரை மணிக்கு வரப்பிலிருந்து இறங்கி, ஏதாவது ஒரு குத்தை, அதாவது ஒரே இடத்தில் நட்ட நெல் தண்டுகளின் கொத்தை, இரண்டு கையாலும் மெதுவாக விலக்கிப் பிடித்துக் குனிந்து பாருங்கள். தண்ணீருக்கு நாலு விரல் மேலே, இரண்டு தண்டுகளுக்கு நடுவே, பனி கோத்த ஒரு சின்ன விரிப்பு தெரியும். தீப்பெட்டி அகலம்கூட இராது. கண்ணை இன்னும் கிட்டே கொண்டுபோனால், அந்த விரிப்பின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு புள்ளி தலைகீழாகத் தொங்கும். எள்ளை விடப் பெரிதாக இருக்காது. மூச்சுக்காற்று பட்டால் தண்டின் மறுபக்கம் போய்விடும்.

அதுதான் குள்ளச் சிலந்தி. நம்மில் பெரும்பாலானோர் அதைப் பார்த்திருப்போம், ஆனால் வேறு ஏதோ சிலந்தியின் குஞ்சு என்று நினைத்து விட்டிருப்போம். இருபது வருடம் விவசாயம் செய்தவர்களுக்கும் இந்தத் தவறு நடக்கிறது. நெல்லைத் தாக்கும் சிறு பழுப்புப் பூச்சியான புகையான் எங்கே உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிறதோ, அதே இடத்தில் வலை கட்டுகிற உயிர் இது. இதைக் கண்ணால் பார்த்து எண்ணப் பழகிய பிறகுதான் மருந்து அடிப்பதா வேண்டாமா என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை அடி முதல் சொல்லிக் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஆள் யார்

சிலந்திகளில் லினிஃபிடே என்று ஒரு குடும்பம் இருக்கிறது. குதிக்கும் சிலந்திகளுக்கு அடுத்தபடியாக அதிக இனங்கள் உள்ள குடும்பம் இதுதான், நாலாயிரத்துக்கும் மேல். அவ்வளவு பெரிய குடும்பமாக இருந்தும் பெயர் தெரியாமல் கிடப்பதற்குக் காரணம் அளவு. பெரும்பாலானவை சில மில்லிமீட்டர்தான். வட்ட வலை பின்னாமல், படுக்கை விரித்ததுபோல் கிடைமட்டமாக ஒரு விரிப்பு கட்டி, அதன் அடியில் தொங்கிக் காத்திருப்பது இவற்றின் வழக்கம். பூச்சி மேலே விழுந்ததும் கீழேயிருந்து விரிப்பின் ஊடாகக் கடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நம் நெல் வயலில் உள்ளதற்கு அட்டிபீனா ஃபார்மோசானா என்று பெயர். 1977இல் ஓய் என்ற ஜப்பானிய ஆய்வாளர் தைவானில் கிடைத்த மாதிரியை வைத்து முதலில் விவரித்தார். தைவானின் பழைய பெயரான ஃபார்மோசாதான் சிலந்தியின் பெயரில் ஒட்டிக்கொண்டது. பழைய நெல் புத்தகங்களில் காலிட்ரிகியா ஃபார்மோசானா என்றிருக்கும், இரண்டும் ஒன்றுதான். தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் நெல் வயல்களில் பரவலாக இருக்கிறது. இந்தியாவிலும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. இதே பேரினத்தில் அடெலினே என்று இன்னொரு இனமும் நெல் வயலில் வாழ்கிறது. இரண்டையும் உறுதியாகப் பிரிக்க மைக்ரோஸ்கோப்பில் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டும். வயலில் நின்று முடிவெடுப்பதற்கு அது தேவையில்லை. இரண்டும் பூச்சி பிடிப்பவைதான், "குள்ளச் சிலந்தி" என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்று, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். சேற்றில் விழுந்த லென்ஸைத் தேடுவது பெரிய வேலை. வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று. எவர்சில்வர் தட்டு வேண்டாம், வெயில் பட்டால் பளபளத்து ஒன்றும் தெரியாது. மெல்லிய ஓவியப் பிரஷ், மூடி போட்ட சிறு கண்ணாடிக் குப்பி, நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், ஈரக்கையில் எழுத்து ஓடிவிடும். போன் கேமராவில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

எப்போது போவது

பனி காய்வதற்குள். இதில் சமரசமே கிடையாது. இந்த விரிப்பின் இழை அவ்வளவு மெல்லியது. பனித்துளி ஏறினால்தான் கண்ணுக்கு வலை என்றே தெரியும். ஒன்பது மணிக்கு மேல் போனால் சிலந்தி இருக்கும், வலை தெரியாது. மழை பெய்த மறுநாள் காலையையும் தவிர்த்துவிடுங்கள், அடிவலைகள் பாதி அறுந்து கிடக்கும்.

பயிர் வயதைப் பொறுத்தவரை, நட்ட பதினைந்தாம் நாளிலிருந்தே ஆரம்பிக்கலாம். அப்போது எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். சிலந்திக் குஞ்சுகள் இலை நுனியில் ஏறி, பின்பக்கத்தைத் தூக்கி ஒரு இழையைக் காற்றில் விட்டு, அந்த இழையோடு மிதந்து வயலுக்கு வயல் போகும். உழுது காய்ந்து கிடந்த நிலத்தில் தண்ணீர் விட்டு நட்ட சில நாளிலேயே சிலந்தி எப்படி வந்தது என்று யோசித்திருப்பீர்கள். அது இப்படி வந்ததுதான்.

பார்ப்பது எப்படி

வரப்போரத்துக் குத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஓரத்தில் கூட்டம் எப்போதும் வேறு மாதிரி இருக்கும். நாலைந்து எட்டு உள்ளே போய், குனிந்தல்ல, குத்துக்காலிட்டு உட்காருங்கள். நிழல் குத்தின் மேல் விழாதபடி சூரியனைப் பார்த்து உட்கார வேண்டும். அப்போது வலை இழைகள் பின்வெளிச்சத்தில் மினுங்கும்.

முதல் அரை நிமிடம் கையை வைக்காதீர்கள். மேலேயிருந்து கீழே இறங்கிப் பாருங்கள். இலைப்பரப்பில் என்ன இருக்கிறது, நடுவில் என்ன, கடைசியாக அடித்தண்டு. அப்புறம் இரண்டு கையாலும் குத்தைப் பூ விரிப்பதுபோல் விலக்குங்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டுகள் நெருங்கும் இடத்தில்தான் குள்ளச் சிலந்தி வலை கட்டும். ஈரம் அதற்குப் பிடிக்கும். காய்ந்த இடத்தில் தேடிப் பயனில்லை.

ஒருமுறை நானும் சித்தப்பாவும் ஒரு குத்தின் முன் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். விரிப்பின் மேல் ஒரு புகையான் குஞ்சு விழுந்தது. வெள்ளை கலந்த பழுப்பு, பேன் அளவு. இரண்டு முறை துள்ளப் பார்த்தது. துள்ளினால் கால் இழையில் சிக்குகிறது, நின்றால் விரிப்பு ஆடுகிறது. மறுமுனையில் இருந்த சிலந்தி ஓடி வரவில்லை. நிதானமாக, தலைகீழாகவே, இழை இழையாக நடந்து வந்து குஞ்சுக்கு நேர் கீழே நின்றது. அடுத்த நொடி குஞ்சின் துள்ளல் நின்றுவிட்டது. விரிப்பில் சின்னதாக ஒரு ஓட்டை. குஞ்சு கீழ்ப்பக்கம் இருந்தது. "இத்தனை வருஷம் இது காலடியிலேயே நடந்திருக்கு, பார்க்காம போயிட்டோமேடா" என்றார் சித்தப்பா. அன்றிலிருந்து அவர் வயலுக்குப் போகும்போது லென்ஸ் எடுக்காமல் போவதில்லை.

இப்போது தட்டு. குத்தின் அடியில் தண்ணீரை ஒட்டித் தட்டைச் சாய்த்துப் பிடித்து, மறு கையால் குத்தின் மேல் மூன்று முறை தட்டுங்கள். பலமாக வேண்டாம். தட்டில் விழுவதில் எது ஓடுகிறது, எது துள்ளுகிறது, எது மெல்ல நகர்கிறது என்று பாருங்கள். குள்ளச் சிலந்தி மெல்ல நகரும். விழுந்த இடத்திலேயே சுருண்டு, பிறகு ஒரு இழையை விட்டுக்கொண்டு தட்டின் விளிம்புக்குப் போகப் பார்க்கும்.

மற்றவற்றோடு குழம்பாமல் இருக்க

லென்ஸில் முதலில் பார்க்க வேண்டியது வயிற்றின் மேற்பக்கம். வளர்ந்த குள்ளச் சிலந்திக்கு அங்கே சாம்பல் வெள்ளையில் மூன்று ஜோடிப் புள்ளிகள் இருக்கும். இந்த ஒரு அடையாளத்தை மனதில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

மிக அதிகமாகக் குழப்புவது ஓநாய்ச் சிலந்தியின் குஞ்சுதான். அதுவும் அடித்தண்டில்தான் இருக்கும், அதே அளவு. ஆனால் ஓநாய்ச் சிலந்தி பயிரில் பிடிவலை கட்டுவதில்லை. தொட்டால் தண்ணீரின் மேல் விறுவிறுவென்று ஓடும், வளர்ந்ததன் முதுகில் கவட்டை போன்ற கோடு தெரியும். தாய் முட்டைப்பையை வால் முனையில் ஒட்டிக்கொண்டு திரியும், பொரித்த குஞ்சுகள் அதன் முதுகில் ஏறிக்கொள்ளும். குள்ளச் சிலந்தி இப்படிச் சுமப்பதில்லை. இலையுறைக்குள் உருண்டையாக முட்டையிட்டு, மேலே மெல்லிய நூல் போர்வை போட்டுவிடும். ஆகவே இலையுறையை விலக்கிப் பார்க்கும்போது சின்ன வெள்ளைப் பொட்டலம் தெரிந்தால் நசுக்கிவிடாதீர்கள்.

மற்ற இரண்டும் எளிது. நீள் தாடைச் சிலந்தி காலை நீட்டி இலையோடு இலையாகப் படுத்திருக்கும், அதன் வட்ட வலை பயிரின் மேல்பகுதியில் இருக்கும். கூர்முள் கால்களோடு இலைப்பரப்பில் பாய்ந்து பிடிப்பது லின்க்ஸ் சிலந்தி. இரண்டையும் அடியில் தேட வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லை என்றால், குப்பியில் ஒன்றைப் பிடித்து நிழலில் வைத்து நிதானமாகப் பாருங்கள். பிரஷ் நுனியை நனைத்துத் தொட்டால் காலுடையாமல் ஒட்டிக்கொண்டு வரும்.

எண்ணுவது

இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக நடங்கள். வழியில் இருபது குத்துகள். நல்லதாகத் தெரிகிற குத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இத்தனை எட்டு என்று வைத்துக்கொண்டு, கால் நின்ற இடத்துக் குத்தைப் பாருங்கள். ஒரு குத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நோட்டில் குத்துக்கு ஒரு வரி. தூர் எண்ணிக்கை, அதாவது அந்தக் குத்திலிருந்து பிரிந்த தண்டுகள் எத்தனை. புகையான் எத்தனை, அதில் குஞ்சு எத்தனை, வளர்ந்தது எத்தனை. குள்ளச் சிலந்தி. மற்ற சிலந்திகள். கடைசியில் ஏதாவது சொல்ல இருந்தால் ஒரு வார்த்தை. குஞ்சு, வளர்ந்தது என்று பிரித்து எழுதுவதை விட்டுவிடாதீர்கள், காரணம் கீழே வருகிறது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் புகையானுக்குப் பொருளாதாரச் சேத நிலை, அதாவது இதைத் தாண்டினால்தான் நடவடிக்கை என்ற எல்லை, இரண்டு விதமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி. குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கிற வயலில் தூருக்கு இரண்டு பூச்சி. சிலந்தி இருந்தால் இரண்டு மடங்கு வரை பொறுக்கலாம் என்பதுதான் இதன் பொருள். மருந்துக்கு ஓடுகிற பலருக்கு இந்த இரண்டாவது எண் தெரிவதில்லை. தெரிந்தாலும், சிலந்தியை எண்ணாமல் அதை எப்படிப் பயன்படுத்துவது?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இருபது குத்தில் மொத்தம் 300 தூர். புகையான் 420. அப்படியானால் தூருக்கு 1.4. சிலந்தி மொத்தம் ஐந்து என்றால் எல்லை தாண்டிவிட்டது, நடவடிக்கை வேண்டும். அதே வயலில் சிலந்தி 25 என்றால் குத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆகிறது, எல்லை இரண்டு. 1.4 அதற்குக் கீழே. மருந்து வேண்டாம். மூன்று நாள் கழித்து மறுபடி எண்ண வேண்டும்.

குள்ளச் சிலந்தி விஷயத்தில் நான் இதோடு ஒன்று சேர்த்துக்கொள்வேன். இது விரும்பிப் பிடிப்பது தத்துப்பூச்சி, புகையான் இவற்றின் சின்னக் குஞ்சுகளை. ஒரு நாளைக்கு நாலைந்து பிடிக்கும். நல்ல வயலில் ஒரே குத்தின் அடியில் முப்பது நாற்பதுகூட இருப்பதுண்டு. ஆகவே நோட்டில் புகையான் பெரும்பாலும் குஞ்சாக இருந்தால் குள்ளச் சிலந்தியை முழுமையாக நம்பலாம். வளர்ந்த, இறக்கை முளைத்த புகையான்தான் அதிகம் என்றால், அந்த எண்ணிக்கையைச் சமாளிக்க ஓநாய்ச் சிலந்தியும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். குள்ளன் மட்டும் இருந்தால் மூன்று நாளுக்குப் பதில் மறுநாளே போய் எண்ணுவது நல்லது.

மருந்து அடித்தால் புகையான் ஏன் கூடுகிறது

புகையான் தன் முட்டையை இலையுறைத் திசுவுக்குள் செருகி வைக்கிறது. மேலே அடிக்கும் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. ஆனால் சிலந்தி வெளியே இருக்கிறது. முதல் அடியில் புகையானும் சாகும், சிலந்தியும் சாகும். ஏழெட்டு நாளில் முட்டை பொரித்து வரும் குஞ்சுகளுக்கு வயலில் எதிரியே கிடையாது. வளர்ந்த குள்ளச் சிலந்தி ஒன்றரை இரண்டு மாதம்தான் வாழும், அந்தக் காலத்தில் எண்பது நூறு குஞ்சு விடும். விட்ட இடத்தைப் பிடிக்க அதற்கு நாளாகும். புகையானுக்கு அவ்வளவு நாள் தேவையில்லை.

எங்கள் வயலில் இது நடந்திருக்கிறது. இலைச்சுருட்டுப் புழு கொஞ்சம் தெரிந்தது என்று கடையில் கேட்டு, கொடுத்த செயற்கைப் பைரித்ராய்டு மருந்தை முப்பதாம் நாள் அடித்தோம். புழு போனது. அடுத்த மாதம் வயல் நடுவில் வட்டமாகப் பயிர் வைக்கோல் நிறத்தில் காய்ந்தது. குத்தைப் பிரித்தால் அடித்தண்டு முழுக்கப் புகையான், ஒரு சிலந்திகூட இல்லை. இருபது குத்து பார்த்தோம், ஒன்றுகூட இல்லை. அந்த வட்டத்தில் அறுக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒரு நாடே இப்படிப் பாடம் படித்திருக்கிறது. இந்தோனேசியாவில் அரசே மானியம் கொடுத்து மருந்து அடிக்க வைத்த காலத்தில் புகையான் திரும்பத் திரும்ப வந்தது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ ஆணை போட்டு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தார். நமக்குப் பக்கத்திலேயே, 1973–74இல் கேரளத்தில் புகையான் பெரிய அளவில் தாக்கியதைக் குட்டநாட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். செயற்கைப் பைரித்ராய்டுகள், மீத்தைல் பாரத்தியான், குயினால்பாஸ் போன்றவை புகையானை மறுபடி பெருக்குகின்றன, தவிர்த்துவிடுங்கள் என்று பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே இருக்கிறது.

சிலந்தி தங்க வயலை எப்படி வைப்பது

புகையான் வருவதற்கு முன்பே சிலந்தி வயலில் இருக்க வேண்டும் என்றால், அதுவரை அது எதைத் தின்னும்? இந்தக் கேள்விக்கு ஜாவா வயல்களில் செய்து 1996இல் வெளியான ஆய்வு நல்ல பதில் தந்தது. நடவு முடிந்த ஆரம்ப வாரங்களில், மக்கும் பொருளையும் தண்ணீர்ப் பாசியையும் தின்று வளரும் சிறு கொசு போன்ற ஈக்களும் தண்ணீரின் மேல் துள்ளும் தூசி அளவு ஸ்பிரிங்டெயில்களும் பெருகுகின்றன. பயிருக்கு இவை ஒரு கெடுதலும் செய்வதில்லை. சிலந்திகள் இவற்றைத் தின்று கூட்டமாகிக் காத்திருக்கின்றன.

அதனால் முதல் வேலை நடவுக்கு முன்பே. தக்கைப்பூண்டோ சணப்போ பசுந்தாள் உரமாக மடக்கி உழுங்கள், தொழு உரம் போடுங்கள். மண்ணுக்கு நல்லது என்று நாம் செய்வது அப்படியே சிலந்தியின் முதல் மாதச் சாப்பாடும் ஆகிறது. நட்ட முதல் நாற்பது நாள், இலையில் கொஞ்சம் புழு தெரிந்தாலும் பொறுங்கள். அந்த வயதுப் பயிர் இழந்த இலையைப் பெரும்பாலும் திரும்ப விட்டுக்கொள்ளும்.

யூரியாவை ஒரே மூச்சில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். கரும்பச்சையாகத் தழைத்த பயிர் புகையானுக்குத் தொட்டில் மாதிரி. நடும்போது இரண்டரை மீட்டருக்கு ஒருமுறை ஒரு அடி இடைவெளி விட்டால் அடித்தண்டுக்குக் காற்றும் வெளிச்சமும் போகும், நீங்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எண்ணவும் வழி கிடைக்கும்.

வரப்புப் புல்லை ஒரே நாளில் மழித்துவிடாதீர்கள். உழவு ஓட்டும்போதும் அறுவடையின்போதும் சிலந்திகள் ஒதுங்குவது அங்கேதான். ஒரு பக்கம் அறுத்து, அது துளிர்த்த பிறகு மறுபக்கம். சீனாவில் உழவு நேரத்தில் வைக்கோல் கட்டுகளை வயலோரம் போட்டுச் சிலந்தி ஒதுங்க இடம் கொடுத்தார்கள். நாமும் செய்யலாம், ஒரு கைப்பிடி வைக்கோலைத் தலைப்பக்கம் கட்டிக் கூடாரம்போல் விரித்து, வரப்போரம் பத்தடிக்கு ஒன்று. உழுது முடித்து நட்ட பிறகு அதே கட்டை வயலுக்குள் நகர்த்தி வைத்துவிடுங்கள்.

அடித்தே ஆக வேண்டும் என்றால்

எண்ணிப் பார்த்து எல்லை தாண்டிவிட்டது. சரி. முதலில் தண்ணீரை வடியுங்கள். பல நேரம் அதுவே புகையானைக் கொஞ்சம் அடக்கும். பிறகு வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசல், ஐந்து சதம். ஐந்து கிலோ பருப்பை இடித்துப் பத்து லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடித்து, நூறு லிட்டராக்கிக் காதி சோப்பு நூறு கிராம் கரைத்துச் சேர்க்க வேண்டும். சாயங்காலம் அடியுங்கள். பூச்சி அடியில் இருக்கிறது, மேல் இலையை நனைப்பதால் பயனில்லை. தெளிப்பான் முனையைத் தாழ்த்தி அடித்தண்டில் படும்படி பிடியுங்கள்.

வயல் முழுக்க அடிக்காதீர்கள். நோட்டைப் பார்த்தால் எந்தப் பக்கத்துக் குத்துகளில் எண்ணிக்கை ஏறியிருக்கிறது என்று தெரியும். அங்கேயும் அதைச் சுற்றியும் மட்டும் போதும். அடிக்காமல் விட்ட பகுதியிலிருந்து சிலந்தி திரும்ப வரும். இதற்கும் அடங்காமல் ரசாயன மருந்துதான் வழி என்ற நிலை வந்தால், வேளாண் அலுவலரிடம் நோட்டைக் காட்டி, மறுபெருக்கம் தராத மருந்து எது என்று கேட்டு வாங்குங்கள். மருந்தின் பெயரை அவர் கையால் எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போவது இன்னும் நல்லது.

அடித்த மூன்றாம் நாள் மறுபடி இருபது குத்து. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். புகையான் குறைந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாமல், சிலந்தி எத்தனை மிஞ்சியது என்று எழுதுங்கள். பத்தாம் நாள் மீண்டும் ஒருமுறை, பொரித்து வரும் குஞ்சுக்காக.

பூட்டை வெளிவந்து கதிர் முற்றும் வரை வாரம் ஒருமுறை எண்ணினால் போதும். அறுவடைக்கு முந்தின எண்ணிக்கையை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி வையுங்கள். அடுத்த போகத்தில் நட்ட பதினைந்தாம் நாள் முதல் எண்ணிக்கை எடுக்கும்போது, வரப்பும் வைக்கோலும் எத்தனை சிலந்தியைக் காப்பாற்றிக் கொடுத்தன என்று அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.